கொட்டாங்குச்சியில் நெல்லிச்சாறு

நெல்லிச்சாறு கொட்டாங்குச்சியில் வந்தது.

சென்னியப்பன் மேசைமேல் இருந்த கையை மெல்லக் கீழே இழுத்துக்கொண்டார்.

தனக்கு மட்டும் இதில் கொடுக்கிறார்களோ? அதற்குள் தெரிந்துபோய்விட்டதா? யார் சொல்லியிருப்பார்கள்?

எதிரே இருந்த லட்சுமணசாமிக்கும் கொட்டாங்குச்சிதான் வந்தது. அவர் மகன் திருமூர்த்திக்கும் அதுவே, தன் மகள் மதிவதனிக்கும் அதுவே. பக்கத்து மேசையில், நடைப்பயிற்சி முடித்து வேர்வையோடு வந்திருந்த கூட்டம் அதில்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. எண்ணெய் தடவி மினுக்கிய கொட்டாங்குச்சி. இங்கே அதுதான் நாகரிகம். உடம்புக்கும் நல்லதாம், பூமிக்கும் நல்லதாம்.

சென்னியப்பன் மூச்சு விட்டார்.

ரேஸ் கோர்ஸ் பக்கத்தில் ஒரு சிறுதானிய ஓட்டல். ஞாயிற்றுக்கிழமை காலை. இடம் கிடைக்காமல் வாசலில் ஆட்கள் காத்து நின்றார்கள். லட்சுமணசாமிக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வெளியே சாப்பிடுவதென்றால் இங்கே மட்டும்தான். அதனால் இரண்டு வீட்டாரும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்ள இந்த ஓட்டலையே திருமூர்த்தி பிடித்திருந்தான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவன் தன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெண் வீட்டார் என்ன சாதி என்பதை.

கேட்டபோதெல்லாம் மழுப்பியிருந்தான். முதலில் பார்க்கட்டும், பிடிக்கட்டும், அப்புறம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்பது அவன் நினைப்பு. சின்னப் பையன். தாராபுரம் பக்கம் தோட்டம் துரவோடு இருக்கிற குடும்பம், பங்காளிகளே பெரிய கூட்டம். அவர்களிடம் பக்குவம் எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்று அவனுக்கு என்ன தெரியும்?

சென்னியப்பனுக்குத் தெரியும். போத்தனூரில் ரயில்வே வேலை, தண்டவாளத்தைப் பார்த்து நடந்தே காலம் போனவர். காதலித்துக் கல்யாணம் செய்த ஒரு பையனை ஒருநாள் தண்டவாளத்திலிருந்து தூக்கினார். தானாக விழுந்தான் என்றார்கள். மணிக்கட்டில் கயிறு இழுத்த தடம் இருந்ததை அவர் பார்த்தார்.

ஆட்டோவில் வரும்போதே மதிவதனி எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஊர் கேட்டால் போத்தனூர், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். 'சாமி' என்று மட்டும் வாயில் வந்துவிடக்கூடாது. லட்சுமணசாமி எழுந்தால் நீங்களும் பதறி எழ வேண்டாம்.

அத்தனையையும் சென்னியப்பன் காப்பாற்றினார். நாக்கைக் கடித்துக்கொண்டு சாமைப் பொங்கலை மென்றார். என்ன ருசி என்றே தெரியவில்லை.

லட்சுமணசாமியோ பேச்சில் தேன். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டார். தன் தட்டில் இருந்த கம்புப் பணியாரத்தை எடுத்து இவர் தட்டில் வைத்தார்.

"அட, நல்லாச் சாப்புடுங்க. உங்க புள்ளைய எங்கூட்டுக்குக் குடுக்கறதுக்கு இத்தன ரோசனைங்களா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். திருமூர்த்தி சிரித்தான். மதிவதனி மேசைக்கு அடியில் அப்பாவின் முழங்காலை அழுத்தினாள். அந்த அழுத்தத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

முடிந்தது, தாண்டியாகிவிட்டது என்று நினைத்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக வயிறு பசித்தது. பணியாரத்தைத் தின்றார். நெல்லிச்சாற்றைச் சொட்டு விடாமல் குடித்தார். கை கழுவ எழுந்து போனார்.

திரும்பும்போது பரிமாறுகிற பெண் எதிரே வந்து நின்றாள்.

"ஐயோ சார், நீங்க எதுக்குங்க இதையெல்லாம் கழுவறீங்க? மேசையிலயே வெச்சிருந்தா நாங்க எடுத்திருப்போமுங்க."

நல்ல பெண். மரியாதையாகத்தான் சொன்னாள்.

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். குழாய்க்குப் பக்கத்தில், சுவரோரமாக, அவருடைய கொட்டாங்குச்சி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

எப்போது கையில் எடுத்தார், எப்போது கழுவினார் என்று அவருக்கே தெரியவில்லை.

பத்து வயதில் டீக்கடைக்குப் பின்பக்கம் அப்படித்தான். அவர்கள் தெருக்காரர்களுக்கு டம்ளர் கிடையாது, கொட்டாங்குச்சி. குனிந்து குடித்துவிட்டு, தானே கழுவி, சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மறந்தால் அடி விழும். இதை அவர் மகளிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அவள் இவர் கைக்கும் பாடம் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

ஓட்டல் நிறையக் கூட்டம். எல்லாம் இளவட்டம். ஒருவரும் கவனிக்கவில்லை.

கை கழுவ வந்து பின்னால் நின்றிருந்த லட்சுமணசாமியைத் தவிர.

அவருக்கும் இவர் வயதுதான். இவர் பின்பக்கம் குனிந்து குடித்த காலத்தில் அவர் ஏதோ ஒரு டீக்கடையின் முன்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கழுவிக் கவிழ்க்கிறவர்களைத் தினமும் பார்த்திருப்பார்.

அவர் சென்னியப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டாங்குச்சியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, தூரத்து மேசையில் திருமூர்த்தியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மதிவதனியைப் பார்த்தார்.

முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"ஏப்பா," என்றார் லட்சுமணசாமி. "உனக்கு எந்தூரு?"