சுவருக்கு அந்தப் பக்கத்துச் செடி

"பாரு, பாரு! நம்ம செடியையே காப்பியடிச்சு நட்டுட்டான்!"

ஜன்னலில் எட்டிப் பார்த்துக் குதித்தார் தையற்காரர். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் மண்டியிட்டு மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்காக மூண்ட சண்டையில் பேச்சு நின்று நாலு வருஷம்.

"நட்டா நட்டுட்டுப் போறார்," என்றாள் மனைவி. "நம்மது மூணு வருஷமா பூத்துக் கொட்டுதே, ஒரு பழத்தைக் கண்டோமா?"

தையற்காரருக்குச் சுருக்கென்றது. வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும், அப்புறம் கொத்துக் கொத்தாய் நீலப் பழம், எல்லாம் உனக்குத்தான் என்று பேத்தியிடம் அளந்திருந்தார். அவளும் வாராவாரம் போனில், "தாத்தா, பழம் வந்துச்சா?"

அடுத்த வருஷம் செடி காய்த்துத் தள்ளியது. பேத்தி நாக்கெல்லாம் நீலமாகத் தின்றாள்.

"எல்லாம் என் கைராசி!"

மனைவி குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "எல்லாம் என் கைராசி!" என்று அச்சு அசலாக அவரைப் போலவே சொல்லிக் காட்டினாள்.

ஆனால் டிரைவர் செடியும் காய்த்திருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

"ஸ்டியரிங் பிடிக்கிற கை, செடி வளர்க்க வந்துடுச்சு! வேர் சுவரைப் பிளந்துடும். நாளைக்கே முனிசிபாலிட்டியில மனு கொடுக்கறேன்!" காற்றோடு பேசுவதுபோல் சுவரருகே நின்று கத்தினார்.

மறுநாள் டிரைவர் செடி இருந்த இடத்தில் குழி மட்டும் இருந்தது.

இந்த வருஷம் பூ வந்தது, உதிர்ந்தது. ஒரு காய்கூட இல்லை. பேத்தி வர இன்னும் பத்தே நாள்.

தையற்காரர் நேராக நர்சரிக்குப் போய்ச் சண்டை பிடித்தார். "என்னம்மா செடி கொடுத்தே?"

"ஐயா, இது ஒண்டியா நின்னா காய்க்காது," என்றாள் நர்சரிக்காரப் பெண். "இதிலேயே வேற ரகம் ஒண்ணு பக்கத்துல பூக்கணும். தேனீ ரெண்டுக்கும் போய் வரணும். வாங்கும்போதே சொன்னேனே. 'ரெண்டாவதையும் என் தலையில கட்டப் பார்க்கறியா'ன்னீங்க."

"அப்போ... போன வருஷம் காய்ச்சுதே?"

"அதான் உங்க பக்கத்து வீட்டு டிரைவர் வந்து வாங்கிட்டுப் போனாரே. 'பாவம், பேத்திகிட்ட ஒவ்வொரு வாரமும் போன்ல சமாளிக்கிறார், சுவருக்கு இந்தப் பக்கம் கேக்குது. நான் சொன்னா கேட்டுக்க மாட்டார். எங்க பக்கம் வச்சா அவர் செடி காய்க்குமா'ன்னு கேட்டார்."

தையற்காரரின் கை கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டது.

"பிடுங்கி வேற இடத்துல வச்சது பட்டுப்போச்சாம். நேத்து வந்து இன்னொண்ணு வாங்கிட்டுப் போயிருக்கார். 'இந்தத் தடவை சுவர்லேர்ந்து நாலடி தள்ளி வைக்கிறேன்'னார்."