மரகதம் கொட்டிய மருந்து

வைஜெயந்தி குளித்துவிட்டு வெளியே வந்தபோது, மரகதம் வாஷ்பேசின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த சின்னப் புட்டியிலிருந்து வெள்ளையாக ஏதோ குழாய்த் தண்ணீரோடு கலந்து ஓடியது.

"என்ன அண்ணி கொட்டுறீங்க?"

மரகதம் திடுக்கிட்டுத் திரும்பினாள். புட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல புள்ள. பழசு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கட்டிலில் மகள் ருக்கு சுருண்டு கிடந்தாள். நான்கு வயது. நெஞ்சுச் சளிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் காய்ச்சல் போய்விட்டது; வயிறுதான் கெட்டுவிட்டது. மருந்து முடிந்து ஒரு வாரத்துக்கு மேலாகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பால்வாடிக்குப் பாடிக்கொண்டே போகிற பிள்ளை, இப்போது தண்ணீர் கேட்கக்கூடக் கையைத்தான் நீட்டினாள்.

வயிற்றுப்போக்குக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த சிரப்பும் வெள்ளை நிறம்தான். வைஜெயந்தி ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். புட்டி அங்கேயேதான் இருந்தது. நேற்று வைத்த அளவும் குறையவில்லை. மருந்தைச் சின்னப் புட்டிக்கு மாற்றிக் கொட்டிவிட்டு, இதில் தண்ணீர் கலந்து வைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினாள்.

மரகதம் கணவனின் அக்கா. வைஜெயந்தி துணிக்கடை வேலைக்குப் போவதால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கச்சல் தீவிலிருந்து வந்து டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இவர்களோடு இருந்தாள். அவளை நம்பித்தான் வைஜெயந்தி ருக்குவை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்று கடைக்கு லீவு சொன்னாள். ஹேடோ துறைமுகத்தில் வேலையிலிருந்த கணவன் கோவிந்தராஜைப் போன் போட்டு வரவழைத்து, இருவருமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள்.

பெங்காலி டாக்டரம்மா ருக்குவின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். "உடம்புல தண்ணி குறையுது. தஹி குடுக்கிறீங்களா? தயிர், வாழைப்பழம், இட்லி?"

"எல்லாம் குடுக்கிறோம் டாக்டர். ஓஆர்எஸ்ஸும் விடாம குடுக்கிறோம்" என்றாள் வைஜெயந்தி.

"அரே, அப்ப இந்நேரம் சரியாகியிருக்கணுமே! ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியோட வயித்துல இருக்கிற நல்ல கிருமியையும் கொன்னுடும். மருந்து நின்னதும் அது மெதுவா திரும்பி வளரும். இவளுக்கு ஏன் வளரல? வேற ஏதாவது குடுக்கிறீங்களா?"

வைஜெயந்தி கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காய்ச்சல் திரும்பாதா டாக்டர்?" என்றான் திடீரென்று. "கச்சல்ல என் தம்பிக்குத் திரும்பிச்சு. மருந்து தீர்ந்துபோச்சு, கப்பல் வரல்ல. பொறகு அவன் எழும்பவே இல்ல."

"இவ நெஞ்சு கிளியரா இருக்கு. பயப்படாதீங்க. ஆனா நாளைக்கும் இப்படியே போச்சுன்னா அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் ஏத்தணும்."

வீட்டுக்குள் நுழைந்ததும் வைஜெயந்தி, தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த மரகதத்தின் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"என் பிள்ளை மருந்தை ஏன் கொட்டினீங்க?"

மரகதம் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு விழுந்துவிட்டதோ என்னவோ, நிமிரவேயில்லை.

"சொல்லுங்க அண்ணி!"

"கொட்டினது நெசந்தான். அதுக்கு மேல என்கிட்ட கேக்காத புள்ள."

"ஒரு பிள்ளையைப் பெத்திருந்தா கொட்டக் கை வந்திருக்காது!"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் வைஜெயந்திக்கே கேட்டது. ஆனால் அதைத் திரும்ப அள்ள முடியவில்லை, அள்ளவும் அவளுக்கு மனமில்லை. மரகதம் கையைக் கழுவினாள். பரணிலிருந்த பையை இறக்கி இரண்டு மூன்று சேலைகளை மடித்து வைத்தாள்.

"சாயந்தரம் கச்சலுக்குக் கப்பல் இருக்கு தானே தம்பி?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "அத்தை..." என்று ருக்கு தாயின் இடுப்பிலிருந்து சரிந்து கையை நீட்டினாள். மரகதம் அந்தச் சின்னக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"தயிரைப் பிரிட்ஜிலருந்து எடுத்து அப்பிடியே ஊட்டாத. குளிர் போன பொறகு குடு. வாழப்பழம் நல்லாப் பழுத்ததா பாத்து வாங்கு" என்று வைஜெயந்தியின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

அக்காவைக் கப்பலேற்றிவிட அவள் பையோடு வந்த கோவிந்தராஜ் ஏறாமல் நின்றுகொண்டே இருந்தான். டிரைவர் ஹாரனை அடித்தான்.

"ஏறுங்க. கப்பல் போயிடப் போகுது" என்றாள் வைஜெயந்தி.

அவன் பையை மெதுவாகத் தரையில் வைத்தான். அவன் தோள் குலுங்குவதை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

"தம்பி, வேணாம்" என்றாள் மரகதம் உள்ளேயிருந்து.

"இல்லக்கா, சொல்லிடுறேன்." அவன் மனைவி பக்கம் திரும்பினான். "அந்த ஆன்டிபயாடிக்கை நான் நிறுத்தவே இல்ல வைஜெயந்தி. உனக்குத் தெரியாம வாங்கிக் குடுத்துக்கிட்டே இருந்தேன், அக்கா கொட்டினது அதத்தான்."