இரண்டாவது மணி

"இன்னைக்கு நான் நோயாளியோட சொந்தக்காரனா மேடம்? அப்பாடா! எத்தனை நாளைக்குத்தான் நானே எல்லாருக்கும் துக்கச் செய்தி சொல்றது?"

எதிரே பேராசிரியை உட்கார்ந்திருந்தார். வகுப்பில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். டாக்டர் படிப்பில் மற்றதெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. உறவினரிடம் கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லும் இந்தப் பாடத்தில் மட்டும் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தான். இன்னொரு முறை தவறினால் ஒரு வருஷம் போச்சு.

பயிற்சி அறையில் ஒரே விதிதான். மேஜை மேலிருக்கும் சின்ன மணியைப் பேராசிரியை ஒரு தட்டு தட்டினால் நடிப்பு ஆரம்பம். மறுபடி தட்டினால் முடிவு. நடுவில் அழுதாலும் கத்தினாலும் அது நடிப்பு. போன்களெல்லாம் வாசலில் ஒரு பெட்டிக்குள்.

மற்ற நாற்காலிகள் காலியாக இருந்தன. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வகுப்பே நின்றிருந்தது.

"என்ன மேடம், எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாங்க?"

"நான்தான் வெளியே இருக்கச் சொன்னேன். காலையில உன்னை யாருப்பா கொண்டுவந்து விட்டாங்க?"

"அக்கா, ஸ்கூட்டர்ல. ஓஹோ, அதையே கேஸாக்கிட்டீங்களா? நடத்துங்க!" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"கொஞ்சம் கஷ்டமான விஷயம்பா. மனசைத் திடப்படுத்திக்கோ."

"முதல்ல எச்சரிக்கை, அப்புறம் செய்தி. கரெக்ட் மேடம்!"

"கொஞ்சம் நான் சொல்றதைக் கேளேன்..."

"ஐயோ டாக்டர், என் அக்காவுக்கு என்ன ஆச்சு?" குரலை நடுங்கவைத்துக் கேட்டான். அவனுக்கே சிரிப்பு வந்தது.

"திரும்பிப் போகும்போது பாலத்துக்கிட்ட லாரி மோதிடுச்சு. இங்கதான் கொண்டுவந்தாங்க. எவ்வளவோ பார்த்தோம். காப்பாத்த முடியலப்பா. இறந்துட்டாங்க."

"சூப்பர்! கண்ணுல தண்ணிகூட வரவழைக்கிறீங்களே! எனக்கு இதெல்லாம் எப்ப வரப்போகுது?"

பேராசிரியை எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மஞ்சள் ஹெல்மெட். பின்னாடி பூனை ஸ்டிக்கர்."

ரேடியோ நின்றுபோனது. அந்த ஸ்டிக்கரை நேற்றுதான் அக்காவுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தான். காலையில் அதைப் பார்த்துவிட்டு, "கழுதை, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று தலையில் குட்டினாள். ஆனால் கிழித்துப் போடவில்லை.

"வாசல்ல பார்த்திருப்பீங்க," என்றான். "அக்கா என்னை இறக்கிவிட்டப்ப பார்த்திருப்பீங்க. அதைச் சேர்த்துக்கிட்டீங்க. அதானே?"

அவர் கையை விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

"போதும் மேடம், எனக்குப் பயமா இருக்கு. பெயில் போட்டாலும் பரவாயில்ல, இந்த நடிப்பு வேணாம். மணியை அடிங்க. அடிங்க மேடம்!"

பேராசிரியை மணியைத் தொடவில்லை.

"ஆரம்பத்துல நான் அடிக்கவே இல்லையேப்பா," என்றார்.