நடவடிக்கை எடுக்கப்பட்டது

திரையில் ஒரு கண்ணாடி டம்ளர். குடிநீர்க் குழாயில் பிடித்த தண்ணீர்.

தேநீர் நிறம். அடியில் ஏதோ நெளிந்தது.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

"ஜூம் பண்ணாதம்மா. சாப்பிட்டுட்டு இருக்கேன்ல."

பக்கத்து நாற்காலியில் மேலாளர் ஞானசேகர் சார். போண்டாவைப் பிட்டுச் சட்னியில் முக்கினார்.

நகராட்சியின் புகார்த் தளத்தை நடத்துவது இவர்கள் அலுவலகம். காலையிலிருந்து ஒன்பதாம் வார்டில் மட்டும் நாற்பத்தொரு புகார். குடிதண்ணீரில் சாக்கடை கலக்கிறது.

வெள்ளிக்கிழமை விருதுக் குழு வருகிறது. சிறந்த நகராட்சியாம். அதற்குள் அந்த வார்டில் புகாரே இருக்கக் கூடாதாம்.

"குழாயத் தோண்டினா நாளாகும். நீ ஹேண்ட்லரை மாத்தி விடு. சர்வரை நிறுத்தாத, நிறுத்தினா ஏன் எதுக்குன்னு எழுதிக் குடுக்கணும். ஓட ஓடவே மாத்து."

ஓட ஓட மாற்றலாம்தான். அந்த வசதியைச் செய்து வைத்ததே அவள்.

போன மழைக்குச் செய்தது. ஒரு பொறியாளர் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டால், அவருக்கு வரும் புகார் அந்த நொடியே அடுத்தவர் கைக்குப் போய்விட வேண்டும் என்று. சோறு தண்ணி மறந்து செய்தாள், பாவம்.

புகாரை வாங்கி உரியவரிடம் சேர்ப்பதுதான் ஹேண்ட்லர் என்ற நிரலின் வேலை. சார் கேட்கிற புதிய ஹேண்ட்லர் யாரிடமும் சேர்க்காது. 'நன்றி, நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று பதில் அனுப்பும். வந்ததைத் தூக்கி எறிந்துவிடும்.

ஒரே ஒரு வரி.

தட்டினாள்.

நாற்பத்திரண்டாவது புகார் வந்தது. நன்றி போனது.

நாற்பத்து மூன்று. நன்றி.

நாற்பத்து நான்கில் படம் இல்லை.

'பாப்பாவுக்கு வயித்தால போகுது. இந்தத் தண்ணிய காய்ச்சிக் குடுக்கலாமா?'

நன்றி, நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். துப்பட்டாவில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

போகவில்லை.

அந்த வரியைத் திறந்தாள். பழையபடி வார்டுப் பொறியாளருக்கே திருப்பலாம். ஆனால் அவர் காலையிலிருந்து ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அவர் எண் இருந்த இடத்தில் தன் செல்பேசி எண்ணைப் போட்டாள்.

சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மேசைமேல் செல்பேசி அதிர்ந்தது.

'ஒங்க நன்றி கெடக்கட்டும். காய்ச்சினா போதுமான்னு கேட்டேன்.'

கீழே இருந்த எண்ணை அழைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் குழந்தை அழுகை.

"யாரு? மனுசங்கதான பேசறது?"

"ஆமாக்கா. அந்தத் தண்ணியக் குடுக்காதீங்க. காய்ச்சினாலும் வேணாம். பாப்பாவத் தூக்கிக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தெருவுலயும் சொல்லிடுங்க, யாரும் குடிக்க வேணாம்னு."

பக்கத்தில் நாற்காலி திரும்பியது.

"நான் சொன்னா எவ கேக்கறா? யாரு சொன்னதுன்னு கேப்பாளுங்களே. ஒங்க பேரு என்னங்க?"

ஞானசேகர் சார் சட்னிக் கையை ஆட்டினார். வை, வை என்று.

அவள் அவர் முகத்தைப் பார்த்தபடியே பெயரைச் சொன்னாள்.

இனிஷியலோடு.