ஊமையாகிப்போன படம்

குரமோச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறுபதுகளில் வந்த, பெரியவர்களுக்கு மட்டுமான படம். நடிகை ருரி நடித்ததில் குரமோச்சியிடம் இல்லாதது இது ஒன்றுதான். டோக்கியோவின் பழைய தியேட்டர்களையெல்லாம் குடைந்து பிடித்த சுருளைப் புரொஜெக்டரில் மாட்டினார்.

"ஏங்க, டீ ஆறுது," என்றாள் மனைவி சுமியே.

"கொஞ்சம் பேசாம இரேன். ருரி பேசப்போறா."

"அவ உடம்பைப் பார்க்கத்தானே இத்தனை அலைச்சல்?"

"உடம்பு யாருக்கு வேணும்? அந்தக் குரலுக்காக அலையறேன். உனக்கு எங்கே புரியும்? வாயை மூடு."

சுவரில் படம் ஓடியது. பாய்மேல் விரித்த படுக்கையில் சாய்ந்திருந்த ருரி உதட்டை அசைத்தாள். சத்தமே வரவில்லை. குரமோச்சி ஸ்பீக்கரைத் தட்டினார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார். சுருளில் ஒலி முழுக்க அழிந்துபோயிருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"விளக்கை அணைக்காதீங்க. உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

ருரியின் அதே கொஞ்சல் குரல், சுவரில் அசைந்த உதட்டோடு பிசகாமல் பொருந்தியது. திடுக்கிட்டுத் திரும்பினார்.

டீக் கோப்பையோடு சுமியே நின்றிருந்தாள்.

"அந்தக் காலத்துல படத்தை எடுத்து முடிச்சுட்டுத்தான் குரல் சேர்ப்பாங்க. ருரிக்குக் கட்டைத் தொண்டை. அவ படம் எல்லாத்துலயும் நான்தான் பேசினேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"என்னைக்கு என்னைப் பேச விட்டீங்க?"