நிமிடத்துக்கு நாற்பது

டிக் டிக் என்று தாளம் எண்ணும் மெட்ரோனோமை வைத்துப் பழகுகிறவன் கலைஞனே இல்லை, கடிகாரக் கடையில் பிறந்திருக்க வேண்டியவன் என்பது உலகுக்கு மின்னல் அளித்திருக்கும் தீர்ப்பு. மூன்று வருடமாக அவன் கிட்டார் வாசிக்கும் வேகத்துக்குக் கல்லூரி சூட்டிய பெயர்தான் மின்னல். இப்போது சாயங்கால வெயில் பாதிக் கட்டிலில் கிடக்க, போனில் அவன் இசைக்குழுவின் டிரம்மர் இழுத்து இழுத்துப் பேசுகிறான். "மச்சான், உன் வாசிப்புல குறையே இல்லடா. ஆனா நாங்க பல்லவி முடிக்கிறதுக்குள்ள நீ பாட்டையே முடிச்சிட்டு நிக்கிற. சனிக்கிழமை கச்சேரிக்கு வேற ஆளைச் சொல்லிட்டோம். இனிமேலும் அவன்தான்." மேசையருகே தங்கை மெட்ரோனோமுக்கு ஏற்ப கிட்டாரில் ஒரே கம்பியை நிதானமாக மீட்டிக்கொண்டிருக்கிறாள். "யாருண்ணா?" "ராங் நம்பர்." அவள் அவன் முகத்தைப் பார்க்கிறாள். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெட்ரோனோமை அணைக்காமலே வெளியே போகிறாள். மின்னல் கதவைச் சாத்துகிறான். கிட்டாரை எடுத்துக்கொண்டு, மெட்ரோனோமின் வேகத்தை நிமிடத்துக்கு நாற்பது டிக்காகக் குறைக்கிறான். ஆமைக்கே கொட்டாவி வரும் வேகம். ஒரு கம்பி, ஒரு விரல். டிக்குக்கு முன்பே சுரம் விழுகிறது. மறுபடி மீட்டுகிறான். மறுபடியும் முன்பே. விரலைத் தூக்கிப் பிடித்தபடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு, அடுத்த டிக்குக்காகக் காத்திருக்கிறான்.