இருக்கிறதிலேயே கறுப்பானது

சப்பாத்துப் பெட்டிக்குள் ஐந்து சண்கிளாஸ்கள், ஒவ்வொன்றும் ஒரு பழைய காலுறைக்குள். கதிர்காமநாதன் ஒவ்வொன்றாக உருவி, நிலைக்கண்ணாடி முன் போட்டுப் பார்த்தார். மண்ணிறத்தில் கண் மங்கலாகத் தெரிந்தது. நீலத்தில் பக்கவாட்டில் தெரிந்தது.

"வெயிலில்லாத இந்த மார்கழிக் குளிரிலை, அதுவும் வீட்டுக்குள்ளை என்னத்துக்கு?" என்றாள் மனைவி தவமலர். "வேலைக்கு ஒருநாளும் போடுறேல்லை. எங்கடை ஆக்கள் வந்தால் மட்டும் உங்களுக்குக் கண் கூசும்."

அவர் இருப்பதிலேயே கறுப்பானதைப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

புலம்பெயர்ந்து வந்திருந்த கோலியர்ஸ் வுட்டில் அவர்களுடைய மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இரத்தினவேல் தேத்தண்ணி குடித்தபடி ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஊரைச் சுத்திவளைச்ச ஆமிப் பட்டாளம் எங்களை வரிசையா நடத்தினவங்கள் அண்ணை. முன்னாலை, ஆக்களைக் காட்டிக்குடுக்க, சாக்காலை தலையை மூடின ஒருத்தன். ரெண்டு ஓட்டைக்குள்ளாலை கண் மட்டும் தெரிஞ்சது. என்ரை தம்பியைக் கண்டதும் நாடியை இடப்பக்கம் சரிச்சு ஒருக்கால் தலையாட்டினான். ஆமி இழுத்துக்கொண்டு போன தம்பி பிறகு வரவேயில்லை. அந்தக் கண்ணை எங்கை கண்டாலும் அடையாளம் பிடிப்பன்."

கதிர்காமநாதன் சண்கிளாஸை மூக்கோடு அழுத்திக்கொண்டார். கறுப்புக்குள் கண்கள் பத்திரமாக இருந்தன.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கும் தேத்தண்ணி ஊத்தட்டே?" என்று கேட்டாள் தவமலர்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார், நாடி இடப்பக்கம் சரிய.

இரத்தினவேலின் கோப்பை வாயருகே நின்றது.

"அண்ணை," என்றான் மெதுவாக, "இன்னொருக்கால் தலையாட்டுங்கோ."